அக்காவுக்கு ஒரே நாளில் ஆறு தந்தி

பேரன்பும் பெருமதிப்பும் உடைய பெரியம்மா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் இளைய மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் உண்மையைத் தவிர வேறு எதையும் எழுதாதே என்று நீங்கள் போன கடிதத்தில் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருப்பதால், 'நலம்' என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் உரை எழுத வேண்டியிருக்கிறது. அத்தான் நலம். பாப்பா நலம், முழங்காலில் மட்டும் ஒரு சிராய்ப்பு. நான் நலம். அக்கா நலமாகவும் இருக்கிறாள், நோயோடும் இருக்கிறாள். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை நிரூபிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் நீளம்.

உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. "அவளால் தன்னையே பார்த்துக்கொள்ள முடியவில்லை, பிள்ளையை எப்படிப் பார்ப்பாள்? பதினைந்தாம் தேதி காரோடு வருகிறேன். பாப்பா ஒரு வருடம் என்னோடு இருக்கட்டும். துணிமணிகளை எடுத்து வையுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அக்கா அதை அடுப்படியில் நின்றபடியே படித்தாள். பாப்பாவின் சட்டைகளை எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். இருபத்திரண்டு சட்டைகள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப அலமாரிக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தாள். அத்தான் வந்து பார்த்துவிட்டு, "துணி மடிக்கிறியா, எண்ணுறியா?" என்று கேட்டார். அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எது ஏன் மேலே போகிறது, ஏன் கீழே வருகிறது என்று கண்டுபிடிப்பதே அவர் தொழில். அன்று அவருக்கே பிடிபடவில்லை. எனக்குப் புரிந்தது. அக்காவைச் சிறு வயதில் தூக்கி வளர்த்தது நீங்கள் என்பதால் உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வராது. எனக்கு வரும். ஒன்பதாம் வகுப்புப் படிக்க என்னை இங்கே கொண்டுவந்து விட்டபோது, "நீதான் எனக்குக் கண்ணும் காதும்" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இதோ, கண்ணும் காதும் சேர்ந்து எழுதுகின்றன. நீங்கள் வர வேண்டாம் பெரியம்மா.

முதலில் தந்தி விஷயம். அந்தக் கடிதத்துக்குச் சில நாள் முன்பு நீங்கள் தொலைபேசியில் அழைத்தபோது எடுத்தது பாப்பா. ஒலிபெருக்கியை அமுக்கித்தான் அது பேசும் என்பதால் எனக்கு எல்லாம் கேட்டது. ஆனால் என் கையில் கொதிக்கும் பால் இருந்தது.

"அம்மா எங்கடா செல்லம்?"

"அம்மாக்கு தந்தி வந்துச்சு."

"தந்தியா! யார்கிட்டேர்ந்து?"

"உள்ளேர்ந்து."

"என்னடா சொல்றே? எத்தனை தந்தி?"

"ஆறு. அம்மா அழுதுச்சு. கதவு சாத்திடுச்சு."

நான் பாலை இறக்கிவிட்டு வருவதற்குள் நீங்கள் வைத்துவிட்டீர்கள். உங்கள் காலத்தில் தந்தி என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும், கதைகளில் படித்திருக்கிறேன். தந்திக்காரர் வாசலில் நின்றாலே பிரிப்பதற்கு முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள். அப்படியிருக்க ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் ஆறு என்றால்! நீங்கள் உறவில் ஒருவர் விடாமல் எல்லோரையும் கூப்பிட்டு, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சரிபார்த்ததாக அம்மா சொன்னார். மத்தியானத் தூக்கத்திலிருந்த சின்ன மாமாவை எழுப்பி, "நீ உயிரோடதான் இருக்கியா?" என்று கேட்டீர்களாம். அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எல்லோரும் உயிரோடு இருப்பது உறுதியான பிறகு, தந்தி கொடுக்கும் வழக்கமே ஒழிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது உங்களுக்கு நினைவு வந்து, அப்படியானால் மாத்திரைகளால் அக்காவுக்குப் புத்தி தடுமாறி, வராத தந்திக்கெல்லாம் அழுகிறாள் என்று முடிவு செய்து, அதன் பயனாக அந்தக் கடிதத்தை எழுதினீர்கள்.

பெரியம்மா, குற்றவாளி அக்கா அல்ல. குற்றவாளி நான்.

அக்காவுக்கு இருப்பது க்ரோன் நோய். பாப்பா பிறந்த ஐந்தாம் மாதம் கண்டுபிடித்தார்கள். அதுவரை பால் கொடுப்பதால் இளைத்துவிட்டாள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நூலகத்தில் படித்தும் மருத்துவரைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டது இவ்வளவு: உடம்புக்குள் நோய்க் கிருமிகளை விரட்ட வேண்டிய காவல்காரர்கள், ஆள் மாறாட்டத்தில் வீட்டுக்காரரையே பிடித்து அடிக்கிறார்கள். அடி விழும் இடம் குடல். அங்கே புண் வருகிறது. வயிறு முறுக்கி வலிக்கிறது, ஓட வேண்டியிருக்கிறது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டுவதில்லை, காரணமே இல்லாமல் அசந்து போகிறது. சில மாதம் அடங்கியிருக்கும், சில வாரம் சீறும். ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. அவள் எதையோ தின்றதால் வந்ததும் அல்ல. முற்றாகப் போகாது, ஆனால் மருந்தால் அடக்கி வைக்கலாம். எட்டு வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொள்கிறாள்.

இதை எதிர்வீட்டு அம்மாவிடம் நான் பத்து நிமிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வயித்து வலிதானே? எனக்கும் போன வாரம் இருந்துச்சு, வெந்நி குடிச்சேன், போயிடுச்சு" என்றார். முன்பு கொடுத்த ஒரு மாத்திரையால் அக்காவின் முகம் உப்பிப் பௌர்ணமி போல ஆனபோது தெருவே பாராட்டியது. "நல்லா தேறிட்டியே! என்னம்மா சாப்பிடுறே?" என்று கேட்டவர்களிடம் அக்கா, "மாத்திரை" என்று உண்மையைச் சொன்னாள். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள்.

வெளியே போகும்போது, "எனக்கு உடனே பாத்ரூம் போகணும்" என்று பத்துப் பேர் நடுவில் சொல்ல அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் ஒரு சங்கேத மொழி தேவைப்பட்டது. சங்கேத மொழி என்றால் எனக்கு உயிர். நான்தான் வகுத்தேன். கடிதம் என்றால் பத்து நிமிடம் தாங்கும். பதிவுத் தபால் என்றால் ஐந்து நிமிடம், நேரில் போய் வாங்க வேண்டும். தந்தி என்றால் அந்தக் கணமே. மிகச் சிறந்த ஏற்பாடு. ஒரே ஒரு குறை, அதைப் பாப்பாவும் கற்றுக்கொண்டது. அம்மா போகும் இடமெல்லாம் கூடவே போவதால் அது இரண்டு வயதிலேயே கழிப்பறைப் பழக்கமும் கற்றுக்கொண்டது. குழந்தைகள் காப்பகத்தில் அந்த வயதில் வேறு எந்தக் குழந்தையும் கற்றுக்கொள்ளவில்லை. இதை அக்காவின் சாதனையாகக் குறித்துக்கொள்ளவும். இன்னொன்று, பாப்பாவுக்கு ஆறுக்கு மேல் எண்ணத் தெரியாது. அன்று உண்மையில் ஒன்பது. உண்மையை மட்டும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

இனி வியாழக்கிழமை. நீங்கள் பதினைந்தாம் தேதியைப் பற்றி முடிவு செய்யும் முன் இந்த வியாழக்கிழமையைப் படித்தே ஆக வேண்டும்.

காலை எட்டு மணிக்குக் காப்பகம் நடத்தும் அம்மாவுக்குக் காய்ச்சல், காப்பகம் மூடல். எட்டேகாலுக்கு ஒரு அலுவலகத்தில் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று அத்தானுக்கு அழைப்பு வர, அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். எங்கள் பள்ளியில் அன்று மூன்று மணிக்குப் பேச்சுப் போட்டியும் பரிசளிப்பும். அரங்கில் நாற்காலி போட வேண்டும் என்று எங்களை ஒன்பது மணிக்கே வீட்டுக்கு அனுப்பி, இரண்டரைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆக அக்கா, பாப்பா, நான், மூவரும் அக்கா வேலை செய்யும் பல் செட் பட்டறையான டென்டல் லேபுக்குப் போனோம்.

அக்கா அங்கே மீண்டும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அரை நாள் வேலை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் எண் ஒட்டிய பிளாஸ்டர் அச்சுகள் வரிசையாக இருக்கும், ஊரிலுள்ள பாதிப் பேரின் வாய் அந்த அலமாரியில். உள்ளறையில்தான் பிசினும் தேய்க்கும் சக்கரமும். அந்த வாடை ஆகாது என்று பாப்பாவை உள்ளே விட மாட்டாள். முதலாளி அன்று இயந்திரம் ஒன்று வாங்க வெளியூர் போயிருந்தார். இன்னொரு தொழிலாளி விடுப்பு. பதினொன்றரைக்குப் பல் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து ஒரு டப்பாவைக் கொடுத்தார். உள்ளே மேல் வரிசைப் பல் செட் ஒன்று, நட்டநடுவில் இரண்டாக உடைந்து கிடந்தது.

"ஓய்வுபெற்ற நீதிபதி ஐயாவோடதுங்க. காலையில கை தவறி வாஷ்பேசின்ல விழுந்துடுச்சாம். மூணு மணிக்கு ஏதோ பள்ளிக்கூடத்துல சிறப்பு விருந்தினராம். பல்லு இல்லாம மேடை ஏற மாட்டேங்கிறாரு."

எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் போட்டியில் நானும் பேசுவதாக இருந்தது. அக்கா முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் குரல் எனக்கே கேட்டது.

"உன்னால முடியுமாம்மா? உடம்பு எப்படி இருக்கு? முடியலன்னா சொல்லிடு, வேற லேபுக்கு அனுப்பிடலாம். தப்பா நெனைக்க மாட்டேன்."

அக்கா டப்பாவில் கிடந்த இரண்டு துண்டுகளையும் அரை நொடி பார்த்தாள். அந்த அரை நொடியில் அவள் உங்கள் கடிதத்தைத்தான் நினைத்தாள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

"முடியும் சார்" என்றாள்.

இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து மெழுகால் ஒட்டினாள். அதன் உட்புறத்தில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தாள். அது இறுகியதும் துண்டுகளைப் பிரித்து, உடைந்த ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்து, மறுபடி அச்சில் உட்காரவைத்து, இடைவெளியில் இளஞ்சிவப்புப் பொடியைத் தூவித் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தூவ வேண்டும், விட வேண்டும், தூவ வேண்டும், விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் எல்லாம் பாழ். கதவின் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று அவள் நெற்றியில் வேர்வை.

"ஏய், தந்தி."

"பதிவுத் தபாலா ஆக்க முடியாதாக்கா?"

"அது என் கையிலயாடி இருக்கு!"

ஆனால் கை ஆடவில்லை, பெரியம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு நிமிடம் தூவினாள், விட்டாள். அடுத்தவர் பல்லுக்காகத் தன் பல்லைக் கடித்தவள் அவள். முடித்து, அச்சை வெதுவெதுப்பான நீருள்ள அழுத்தப் பாத்திரத்தில் வைத்து மூடினாள். இறுக இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம்தான் அவளுக்குச் சொந்தம். வராந்தாவுக்கு ஓடினோம். அங்கே கழிப்பறையில் ஒரு குழாய்க்காரர் உட்கார்ந்திருந்தார். பீங்கானைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்.

"சாயங்காலம் வாங்கம்மா" என்றார்.

"சாயங்காலம் வர்ற விஷயம் இல்லைங்க இது!"

ஊரிலுள்ள கழிப்பறைகளை எல்லாம் அக்கா சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் அகர வரிசைப்படி எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் நாற்பத்து மூன்று. தண்ணீர் உண்டா, தாழ்ப்பாள் உண்டா, சிடுசிடுப்பார்களா என்ற விவரங்களோடு. மிக அருகில் இருப்பது கீழேயுள்ள கண்ணாடிக் கடை. ஆனால் அதற்கு நேரே, "சாவி தர மாட்டார்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. வேறு வழியில்லை. கண்ணாடிக் கடைக்காரர் உங்கள் வயதுக்காரர். எங்களைப் பார்த்ததுமே, "கடை ஆளுங்களுக்கு மட்டும்தான்மா" என்று ஆரம்பித்தார். பாப்பா முன்னால் போய் நின்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"மாமா, எங்கம்மாக்கு தந்தி!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, எப்பம்மா?"

"இப்பதான்" என்றாள் அக்கா, உண்மையாகவே.

"போம்மா, உள்ள போ. கதவைச் சாத்திக்கிட்டு மனசு விட்டு அழு. அடக்கி வைக்காதே, உடம்புக்கு ஆகாது" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். அடக்கி வைக்கக் கூடாது என்பதில் மருத்துவ ரீதியாகவும் அவர் சொன்னது சரி. எட்டு நிமிடம் கழித்து அக்கா வெளியே வந்தாள். வீட்டில் பாப்பா கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் அக்கா கை தட்டுவாள். அதனால் அக்கா வந்தால் பாப்பாவும் கை தட்டும். அங்கேயும் தட்டியது. "சூப்பர்ம்மா! வெரி குட்!" கண்ணாடிக் கடைக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். விளக்கம் சொல்ல நேரமில்லை. மேலே பாத்திரத்தில் நீதிபதியின் பல் இருந்தது.

ராவி, தேய்த்து, பளபளப்பாக்கி, ஈரப் பஞ்சில் சுற்றி என் ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தோம். பாப்பா அக்காவின் இடுப்பில். தலைமையாசிரியை அறையில் நீதிபதி ஐயா வாயில் கைக்குட்டையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எது சொன்னாலும் தாளில் எழுதிக் காட்டினார். அவர் எழுதியிருந்த கடைசித் தாளில், "நான் போகிறேன்" என்று இருந்தது. அக்கா பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, கை கழுவி, பல்லை வைத்து, கடி பதியும் நீலத் தாளைக் கொடுத்து, "கடிங்க ஐயா. அப்படியே அரைங்க. குத்துதா?" என்றாள். ஓரிடத்தில் நீலம் அதிகம் பட்டிருந்தது. கையோடு கொண்டுவந்த சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு. "இப்ப பேசிப் பாருங்க." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாட்சி. சத்தியம். சிறைத்தண்டனை" என்றார். மூன்றும் கணீரென்று விழுந்தன. தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அறையை விட்டு வெளியே வந்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த தந்தி. பள்ளியில் பெண்கள் கழிப்பறை இரண்டுதான், அன்று வந்திருந்த தாய்மார்களோ நூறு பேர் இருக்கும். வாசலில் முப்பது பேர் வரிசை. அக்கா கடைசியில் போய் நின்றாள். பாப்பா வரிசையைப் பார்த்தது, அம்மா முகத்தைப் பார்த்தது. பிறகு தன்னால் முடிந்த அளவு உரக்கச் சொன்னது.

"வழி விடுங்க! எங்கம்மாக்கு தந்தி வந்துச்சு!"

வரிசையில் இருந்த மூத்த பெண்மணி ஒருவர், "அடக் கடவுளே!" என்று நெஞ்சில் கை வைத்தார். அவ்வளவுதான். வரிசை இரண்டாகப் பிளந்தது. "தள்ளிக்கம்மா, தள்ளிக்க, பாவம், முகம் கழுவட்டும்." அக்கா நடுவில் ஓடினாள். கதவு சாத்திய பிறகு வெளியே துக்க வீடு போலவே ஆகிவிட்டது. "மாமியாரா இருக்குமோ?" "சின்ன வயசு பாரு." "கையில குழந்தை வேற." ஒருவர் பாப்பாவுக்கு பிஸ்கட் கொடுத்தார். இன்னொருவர் கதவருகே போய், "தைரியமா இரும்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். மற்றொருவர் கதவில் காதை வைத்துப் பார்த்தார். "அழுகைகூட வரல பாருங்க, உறைஞ்சு போயிட்டா." நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது நான் சொல்லக்கூடிய உண்மை அல்லவே.

கதவு திறந்தது. பாப்பா கை தட்டியது. முப்பது பேரும் திகைத்து நின்றார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டு நழுவிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நழுவவில்லை.

"யாரும் சாகலைங்க" என்றாள். "எனக்குக் குடல்ல ஒரு நோய். க்ரோன்னு பேரு. வந்தா நிக்காது. அதை வெளிய சொல்ல வெக்கப்பட்டு வீட்டுல தந்தின்னு சொல்லுவோம். உங்களையெல்லாம் பயமுறுத்திட்டேன். இனிமே நேராவே கேட்டுடறேன்."

அந்த மூத்த பெண்மணி சிரித்தார் பாருங்கள், சுவரே அதிர்ந்தது. "நான் பத்து நிமிஷமா உன் மாமியாருக்கு அழுதுட்டிருக்கேன்டி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அந்த வயிற்றைச் சிரிப்புக்காகப் பிடித்து நான் பார்த்தது அன்றுதான். சிரிப்பு அடங்கிய பிறகு பச்சைப் புடவை கட்டிய ஒருவர் அவள் காதருகே வந்து, "எனக்கும் இதேதான்மா, பதினோரு வருஷமா. என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

இதற்குள் அரங்கில் நீதிபதி ஐயா பேசத் தொடங்கிவிட்டார். நான் மேடையருகே என் இடத்துக்கு ஓடினேன். அவர் எழுதி வைத்திருந்த உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "காலையில என் பல்லு ரெண்டா உடைஞ்சுபோச்சு. இப்ப நீங்க கேட்கிற ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பெண் எனக்குத் திருப்பிக் கொடுத்தது. இடுப்புல குழந்தையை வெச்சுக்கிட்டு வந்து கொடுத்துட்டுப் போனாங்க. எங்கே அந்த அம்மா?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிகச் சரியாக அந்த நொடியில் பின்கதவு திறந்து, கழிப்பறையிலிருந்து அக்கா பாப்பாவோடு உள்ளே நுழைந்தாள். நானூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாப்பாவுக்கு எல்லாம் புரிந்தது. உலகம் கடைசியில் முறையாக நடந்துகொள்கிறது என்பது போலத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே அதுவும் தட்டியது. "அம்மா பாத்ரூம் போயிட்டு வந்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க" என்று இன்றுவரை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசு, ஒரு சோப்புப் பெட்டி. அது முக்கியமல்ல.

முதலாளி மறுநாள் வந்து அந்தப் பல்லின் கதையைக் கேட்டுவிட்டு, இனி முழு நேரம் வர முடியுமா என்றார். அக்கா, "அரை நாளே போதும் சார். ஆனா பாத்ரூம் சாவி ஒண்ணு எனக்குன்னு தனியா வேணும், ஏன்னு காரணமும் சொல்றேன், உக்காருங்க" என்று சொல்லி, உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிக் கடைக்காரரிடமும் சொன்னாள். அவர், "அப்ப அன்னிக்கு நான் சொன்ன ஆறுதல்?" என்று கேட்டார். "அதுவும் வேண்டியிருந்துச்சுங்க" என்றாள். அவர் தம் கடைக் கழிப்பறைச் சாவிக்கும் ஒரு நகல் செய்து கொடுத்துவிட்டார். நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.

மோசமான நாட்களை நான் மறைக்கப்போவதில்லை. கழிப்பறைத் தரையில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. பாப்பாவைத் தூக்க முடியாமல், "நீயே வந்து அம்மா மேல ஏறிக்கோ" என்று படுத்தபடியே சொன்ன நாட்களும் உண்டு. ஆனால் அப்போது பாப்பா என்ன செய்யும் தெரியுமா? தன் படப் புத்தகத்தைக் கதவின் அடியிடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிடும். அக்கா உள்ளேயிருந்து வாசிப்பாள், அது வெளியே உட்கார்ந்து கேட்கும். பக்கம் புரளும் சத்தம் கேட்காவிட்டால், "அம்மா, யானைக்கு அப்புறம்?" என்று கேட்கும். அப்புறம் என்ன என்று அக்கா சொல்லாமல் இருந்ததே இல்லை, எவ்வளவு வலித்தாலும். இந்தப் பிள்ளையை ஒரு வருடம் காரில் ஏற்றிக்கொண்டு போனால், யானைக்கு அப்புறம் என்னவென்று யார் கேட்பார்கள் பெரியம்மா?

ஆகவே அக்காவுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை என்பது ஐயமின்றி நிரூபணமாகிறது. பதினைந்தாம் தேதி நீங்கள் வர வேண்டாம். கார் வேண்டாம். சட்டைகள் அலமாரியிலேயே இருக்கட்டும். மரியாதைக் குறைவாக ஏதேனும் எழுதியிருந்தால் சிறியவள் என்று மன்னிக்கவும். பெரியப்பாவுக்கு என் வணக்கங்கள். சின்ன மாமாவிடம், அவர் உயிரோடு இருப்பதில் எங்கள் எல்லோருக்கும் மிகுந்த மகிழ்ச்சி என்று தெரிவிக்கவும். நீங்களும் பெரியப்பாவும் நூறு ஆண்டுகள் நல்ல செரிமானத்தோடு வாழ வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் கண்ணும் காதும் ஆகிய,
தங்கை மகள்.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் அக்கா இதை முழுவதும் படித்துவிட்டாள். சிரித்தாள், ஓரிடத்தில் மூக்கை உறிஞ்சினாள், பிறகு என்னைத் திட்டினாள்.

"பெரியம்மா வர வேணாம்னு நான் எப்போடி சொன்னேன்?"

"நீதானே சட்டையை எடுத்து எடுத்து வச்சே!"

"பாப்பாவைக் கூட்டிட்டுப் போக வேணாம். அதுக்காக அவங்களே வர வேணாமா? பதினாறாம் தேதி எனக்கு மருந்து ஏத்தணும். அப்புறம் ரெண்டு நாள் கையைத் தூக்க முடியாது. யார் சோறு வடிப்பா, நீயா? போன தடவை நீ வடிச்சதைப் பாப்பா பசைன்னு நெனைச்சு காகிதம் ஒட்டுச்சு. யாரோட உதவியும் வேணாம்னு எழுதினா பெரிய வீரமா? எனக்கு அவங்க வேணும்டி. அதையும் நேராவே எழுது."

ஆகையால், மேலே 'வர வேண்டாம்' என்று எழுதிய இடங்களில் எல்லாம் 'வர வேண்டும்' என்று திருத்தி வாசிக்கவும். 'ஐயமின்றி நிரூபணமாகிறது' என்ற வரியை நீக்கிவிடவும். மறுபடி எழுத என்னிடம் தாள் இல்லை. அதே பதினைந்தாம் தேதி, அதே காரில் வந்து, ஒரு வாரமாவது எங்களோடு இருங்கள். வீட்டில் கழிப்பறை ஒன்றுதான் என்பதால் நேர அட்டவணை ஒன்று தயாரித்திருக்கிறேன். உங்களுக்குக் காலை ஆறரை முதல் ஆறே முக்கால் வரை. ஆனால் நடுவில் அக்கா கதவைத் தட்டினால் வயது, உறவுமுறை, வளர்த்த கடன் எதுவும் செல்லாது. உடனே எழுந்து வந்துவிட வேண்டும்.